துணிப்படத்தில் கோளாறா? கண்ணில் படும் குறியை வைத்துச் சரிசெய்யும் வழி

எங்களுடையது திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 57 பிள்ளைகள். அவர்களும் சில அம்மாக்களும் ஒரு பாட்டியும் சத்துணவு சமைக்கும் அக்காவும் ஆளுக்கொரு கட்டம் தைத்து, 64 கட்டங்களை இணைத்து ஒரே துணிப்படமாக்கி வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வேப்பமரம், தண்ணித் தொட்டி, மினி பஸ், கோழிக்குஞ்சு, விடிகாலையில் ஆள் ஏற்ற வரும் பனியன் கம்பெனி வேன் என்று ஊரே அதில் இருக்கிறது. வேலை நடந்த மாதங்களில் வாராவாரம் ஏதாவது ஒரு கோளாறு வரும். எதனால் வந்தது, எப்படிச் சரியானது என்று நோட்டில் எழுதி வைத்தேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்ற பள்ளிகளுக்காக அதை இங்கே தருகிறேன். உங்கள் துணியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று மட்டும் எல்லாத் தலைப்புக்கும் பொது. பிள்ளை போட்ட தையலைப் பிரிக்காதீர்கள். சரிசெய்வதெல்லாம் பின்பக்கத்தில், ஓரத்தில், அடித்துணியில் நடக்கட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை நாற்பது நிமிடம் குனிந்து உட்கார்ந்து ஏழு தையல் போட்டிருக்கும். அதை நாம் ஒரு நொடியில் உருவிவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் ஊசியைத் தொடாது. தொட்டாலும் ஒவ்வொரு தையலுக்கும் நம் முகத்தைப் பார்க்கும். விரல் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நூல் நீளமாகத் தொங்கினாலோ, பிள்ளையே வந்து "இதைப் பிரிச்சுத் தாங்க டீச்சர்" என்று கேட்டாலோ மட்டும் பிரிக்கலாம்.

எங்கள் அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் கணக்கு புரிய உதவும். கட்டத்துக்கு வெட்டியது 10 அங்குலம். நான்கு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு உள்ளே 8 அங்குலச் சதுரம் பென்சிலில் போட்டோம். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆக முடிந்த படம் 64 அங்குலச் சதுரம். 44 அங்குல அகலக் காடா துணியில் குறுக்கே நான்கு கட்டம் வரும். வீணாவதற்கும் சுருங்குவதற்கும் சேர்த்து கட்டங்களுக்கு 5 மீட்டர், பின்துணிக்கு 4 மீட்டர் வாங்கினோம்.

தைத்த இடத்தைச் சுற்றித் துணி சுருங்கி நிற்கிறது

எல்லாப் பள்ளியிலும் முதலில் வரும் கோளாறு இதுதான். பூவைச் சுற்றித் துணி வாய் கூம்பிய பை மாதிரி ஆகியிருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தையலுக்குத் தையல் நூல் விறைப்பாக, வீணைத் தந்தி போல இருந்தால், பிள்ளை ஒவ்வொரு தடவையும் நூலைக் கடைசி வரை இழுத்திருக்கிறது. நூல் தளர்வாக இருந்தும் துணி சுருங்கியிருந்தால் துணிதான் காரணம்: மெல்லிய மல் துணியில் கெட்டி நூலால் தைத்திருப்பீர்கள், அல்லது நனைத்துக் காயவைக்காத துணியாக இருக்கும்.

விறைப்பான நூலைத் தளர்த்தப் பிரிக்க வேண்டியதில்லை. முனை மழுங்கிய உல்லன் ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தைத்து முடித்த கடைசி முனையில் முடிச்சை மட்டும் அவிழ்த்து, அங்கிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தையலுக்கு அடியிலும் ஊசியைக் கொடுத்து அரிசி மணி அளவுக்கு நூலைத் தூக்கி விடுங்கள். கடைசித் தையலின் தளர்வு அதற்கு முந்தையதற்குப் போகும், அது இன்னும் முந்தையதற்குப் போகும். மூன்று நான்கு சுற்றில் துணி தானாகப் படுக்க ஆரம்பிக்கும். முனையில் நூல் போதாமல் உள்ளே போய்விட்டால் அதே நிறத்தில் ஒரு துண்டு நூலைப் பின்பக்கம் முடிச்சிட்டு நீட்டிக்கொள்ளலாம். பிறகு கட்டத்தைக் குப்புறப் போட்டு, கீழே கனமான துண்டு விரித்து, மேலே ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள். தேய்த்து இழுக்கக் கூடாது. ஒரு கட்டத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. தன் தையல் அப்படியே இருக்க, துணி மட்டும் விரிவதை அது பார்க்கும்.

முன்கூட்டியே தடுக்க வேண்டுமானால் காடா துணியை வாங்கிய அன்றே ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, அலசிக் காயவைத்துவிடுங்கள். நெசவுக்கு முன் பாவு நூலில், அதாவது நீளவாட்டில் ஓடும் நூலில், ஏற்றிய கஞ்சி அதில் அப்படியே இருக்கும். தண்ணீர் பட்டுக் கஞ்சி போகும்போது, நெசவில் இழுபட்ட நூலும் தளர்ந்து துணி சுருங்கும். அந்தச் சுருக்கம் தைப்பதற்கு முன் வரட்டும். அடுத்து, எம்பிராய்டரி வளையம். எல்லோருக்கும் வாங்க முடியாது. எங்களிடம் பன்னிரண்டுதான் இருந்தன, ஒரு வகுப்புக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தோம். வளையம் இல்லாத பிள்ளைக்கு ஒரு சொல் போதுமானதாக இருந்தது: "நூல் துணியில படுத்துத் தூங்கணும், நின்னுக்கிட்டு இருக்கக் கூடாது." அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

நூல் சிக்குகிறது, முடிச்சு விழுகிறது, ஊசியிலிருந்து நழுவுகிறது

நூல் நீளம்தான் காரணம். சீக்கிரம் தீராமல் இருக்கட்டும் என்று பெரியவர்கள் கை நீள நூல் கோத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளையின் கை அவ்வளவு தூரம் போகாது. நூல் மடியில் விழுந்து முறுக்கேறிச் சிக்கும். அளவு எளிது: தைக்கிற பிள்ளையின் சொந்த முழம் ஒன்று. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அந்தப் பிள்ளையே அளந்து வெட்டிக்கொள்ளட்டும். முறுக்கேறிவிட்டால் துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஊசி பம்பரமாகச் சுற்றி முறுக்கு இறங்கிவிடும், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவும் ஆகிவிடும்.

நழுவுவதற்கு, ஊசிக்கண்ணில் கோத்த நூலை இரட்டையாக மடித்து இரண்டு முனையும் சேர்த்து முடிச்சிடுவதே ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குச் சரி. ஆங்கர் எம்பிராய்டரி நூல்கண்டில் ஆறு இழை சேர்ந்து வரும், அதில் மூன்றைப் பிரித்தெடுத்து இரட்டை மடித்தால் திரும்ப ஆறாகிவிடும், காடா துணிக்கு அது போதும்.

தையல் துணியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது

ஊசி மேலே வந்த பிறகு திரும்பவும் கீழேயிருந்தே குத்தினால் நூல் ஓரத்தைச் சுற்றி வரும். சின்ன வகுப்பில் பாதிப் பேருக்கு இது நடக்கும். மேல், கீழ் என்ற மாறுதல் இன்னும் கையில் படியவில்லை, அவ்வளவுதான்.

பேசித் திருத்துவதை விட ஆள் மாற்றித் திருத்துவது சுலபம். ஒரு ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு காலிலும் துணியின் நான்கு மூலையை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு பிள்ளை மேலே, ஒரு பிள்ளை பக்கவாட்டில் கீழே கை விட்டு. மேலே இருப்பது ஊசியைக் கீழே தள்ளும், கீழே இருப்பது வாங்கி மேலே அனுப்பும். பத்துத் தையல் கழித்து இடம் மாற வேண்டும். இப்படி ஒரு பாடவேளை செய்த பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் தனியாகத் தைக்கும்போது ஓரம் சுற்றவே இல்லை. கீழே இருக்கும் பிள்ளை முகத்தைத் துணிக்கு அடியில் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் கட்டாயம் பக்கத்தில் வேண்டும்.

ஏற்கெனவே சுற்றிப்போன நூலை என்ன செய்வது? எங்கள் படத்தில் ஐந்தாவது வரிசையில் ஒரு கோழிக்குஞ்சு இருக்கிறது. தைத்த பையன் மஞ்சள் நூலை நான்கு தடவை ஓரம் சுற்றிவிட்டான். அந்த நான்கு நூலுக்கும் இணையாக அவனே இன்னும் பன்னிரண்டு போட்டான், வைக்கோல் ஆயிற்று.

கட்டங்கள் ஒரே அளவில் இல்லை, வரிசை கோணிக்கொண்டு போகிறது

ஒரு கட்டத்தில் கால் அங்குலம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் கட்டம் சேர்ந்தால் வரிசையில் 2 அங்குலம் போய்விடும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டையும் இணைக்கும்போது ஒன்று அலை அலையாகத் தொங்கும்.

கோணலுக்கு இரண்டு வேர். ஒன்று, துணியை நூலோட்டத்துக்கு நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டியிருப்பது. கட்டத்தின் இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எல்லாத் துணியும் மூலைவாட்டில் கொஞ்சம் இழுபடும். ஆனால் பக்கவாட்டில் இழுக்கும்போதும் ரப்பர் மாதிரி வந்தால் அது டெய்லர்கள் சொல்லும் கிராஸ் துணி. காடாவைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், ஓரத்தில் சின்ன வெட்டுக் கொடுத்துக் கையால் கிழியுங்கள். நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும், இந்தத் தொல்லை வராது.

இன்னொன்று, தைத்ததால் வந்த சுருக்கம். அடர்த்தியாகத் தைத்த கட்டம் சின்னதாகிவிடும், நான்கே கோடு தைத்தது அப்படியே இருக்கும். இதற்காகத்தான் 8 அங்குலத்துக்கு 10 வெட்டச் சொன்னேன். எல்லாக் கட்டமும் வந்த பிறகு, 8 அங்குல அட்டை ஒன்றை வெட்டி ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்து, பென்சில் கோட்டைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மிஷின் தையல் இந்தப் புதுக்கோட்டின் மேல் ஓட வேண்டும். பிள்ளை வரைந்தது கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போயிருந்தால் அட்டையை நகர்த்தி இடம் கொடுங்கள். கோழியின் வாலை மிஷினில் மடித்துத் தைத்துவிட்டால், அந்தப் பிள்ளை முதலில் தேடுவது அந்த வாலைத்தான்.

அப்படியும் போதாத அளவுக்குச் சின்னதாகிவிட்ட கட்டத்துக்கு நான்கு பக்கமும் ஜன்னல் சட்டம் போல வேறு துணியில் பட்டை கொடுத்துப் பெரிதாக்கலாம். எங்கள் படத்தில் ஆறு கட்டங்களுக்குப் பச்சைப் பட்டை இருக்கிறது. பார்க்கிறவர்கள் அந்த ஆறும் ஏதோ சிறப்புக் கட்டங்கள் என்று நினைக்கிறார்கள்.

ஒட்டித் தைத்த துண்டின் ஓரம் பிசிறு பிசிறாக வருகிறது

ஓரத்துக்கு மிக நெருக்கமாகத் தைத்திருப்பீர்கள். ஓரத்திலிருந்து குறைந்தது கால் அங்குலம் உள்ளே தைக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் ஓரத்தை மடித்துத் தைக்கலாம், அல்லது ஓரத்தைச் சுற்றிக் காஜா தையல் (பட்டன் ஓட்டைக்குப் போடும் தையல்) போடலாம். பிசிறு வந்துவிட்ட துண்டின் மேல் சிறு ரிப்பன் வைத்துத் தைப்பது, அல்லது பிசிறையே புல்லாகவோ ஆட்டுத்தாடியாகவோ விட்டுவிடுவது இரண்டும் சரிதான்.

மெழுகுவர்த்தியில் ஓரத்தைக் காட்டிப் பிசிறை உருக்குவதைச் சில அம்மாக்கள் செய்வார்கள். பாலியஸ்டர் உருகும், பருத்தி எரியும். வகுப்பறையில் அது வேண்டவே வேண்டாம்.

பனியன் துணி சுருண்டுகொள்கிறது, நெய்த துண்டு நடுவில் ஒடுங்குகிறது

எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பனியன் துணி நீளவாட்டில் பாவும் குறுக்கே ஊடும் போட்டு நெய்தது அல்ல, வளையத்துக்குள் வளையமாகப் பின்னியது. அதனால் வெட்டிய ஓரம் சுருளும், இழுத்தால் நீளும், சாதா மிஷின் ஊசியில் தையல் தாவும். பூவோ பழமோ வெட்ட வேண்டுமானால் முதலில் காடா துண்டின் மேல் பெரிய தையலாக ஓட்டுப் போட்டு, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். மிஷினில் தைப்பதற்கு முனை உருண்ட பனியன் ஊசி வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் எந்தப் பெற்றோரும் கொண்டுவந்து தருவார்.

அதே சுருளும் குணத்தை ஒன்றாம் வகுப்புக்கு நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம். பனியனை ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி இழுத்தால் கயிறு மாதிரி உருண்டுகொள்ளும். ஊசி பிடிக்க முடியாத பிள்ளைகள் அட்டையில் பாவு நூல் கட்டி, இந்தக் கயிற்றை விரலாலேயே ஊடாகக் கொடுத்து நெய்தார்கள். இதில் வந்த கோளாறு: மேலே எட்டு அங்குலம், நடுவில் ஐந்து, உடுக்கை மாதிரி. ஒவ்வொரு வரிசையிலும் ஊடு நூலை நேராக இழுத்துப் பிடித்ததுதான் காரணம். ஊடு நூல் பாவுக்கு மேலும் கீழும் வளைந்து போக வேண்டும், நேர்க்கோட்டை விட அதற்கு நீளம் அதிகம் தேவை. வரிசை போடும்போது கயிற்றை வானவில் போல வளைத்து வைத்து, பிறகு விரலால் கீழே தட்டச் சொல்லுங்கள். வளைவில் இருக்கும் மிச்சம் பாவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஏற்கெனவே ஒடுங்கிப்போனதை அட்டையிலிருந்து எடுத்து, காடா கட்டத்தின் மேல் நான்கு மூலையையும் குண்டூசியால் இழுத்து நிறுத்தி, சுற்றிலும் கையால் தைத்துவிட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

சாயம் இறங்கி வெள்ளையில் பரவிவிட்டது

உடனே செய்ய வேண்டியது: காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பெரிய பக்கெட்டில் கை பொறுக்கும் சூட்டில் நிறைய வெந்நீர், கொஞ்சம் சோப்புத் தூள். துணி முழுவதும் மூழ்கி, இரவு முழுக்கக் கிடக்கட்டும். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றுங்கள். துணியில் ஒட்டிக்கொள்வதற்கு முன் சாயத்தைத் தண்ணீரிலேயே மிதக்க வைப்பதுதான் வழி, அதனால்தான் நிறையத் தண்ணீர் கேட்கிறேன்.

உப்புத் தண்ணீரில் நனைத்தால் சாயம் நிற்கும் என்று எங்கள் வீட்டிலும் செய்வோம். சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஓர் அப்பா அதை எனக்குத் தெளிவாக்கினார். "சாயம் ஏத்தும்போதுதானுங்க டீச்சர் உப்பும் சோடாவும். உப்பு சாயத்தைத் துணிக்குத் தள்ளும், சோடா புடிச்சு வைக்கும். அப்புறம் சோப்புப் போட்டு, புடிக்காத சாயத்தைக் கழுவி எடுக்கோணும். அந்தக் கழுவல் சரியில்லீன்னா வீட்டுல உப்புப் போட்டு என்னங்க ஆகும்?" ஆகவே தைப்பதற்கு முன்பே ஒவ்வொரு நிறத் துணியையும் தனித்தனியாக, தண்ணீர் தெளியும் வரை அலசிவிடுங்கள். சந்தேகமான துணியை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறை பட்டால் அந்தத் துணி இந்தப் படத்துக்கு வேண்டாம். எங்களுக்குக் கைவிட மனமில்லாத துணி ஒன்று வந்தது: ஒரு பாட்டியின் பழைய சிவப்புச் சுங்குடி. பதினோரு தடவை அலசியும் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே இருந்தது. கடைசியில், படத்தை எப்போதும் தண்ணீரில் நனைப்பதில்லை என்று முடிவு செய்து அதைச் சேர்த்துக்கொண்டோம்.

உல்லன் நூல் இஸ்திரியில் தட்டையாகிவிட்டது, மிஷின் ஊசி உடைகிறது

கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் அல்ல, அக்ரிலிக். சூடு பட்டால் அமுங்கிப் பளபளவென்று ஆகிவிடும், திரும்ப எழாது. உல்லனும் சம்கியும் உள்ள கட்டங்களைத் தனியாக எடுத்து வையுங்கள், அவற்றுக்கு இஸ்திரியே வேண்டாம்.

ஊசி உடைவது பட்டனால். ஓர் அங்குல விளிம்புக்குள் பட்டனோ மணியோ இருக்கிறதா என்று இணைப்பதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். கனமான மடிப்புகள் சேரும் இடத்தில் மிஷினைக் காலால் ஓட்டாமல் கைச்சக்கரத்தைச் சுற்றி மெதுவாகக் கடக்க வேண்டும்.

ஒரு கட்டம் மட்டும் மிக நேர்த்தியாக இருக்கிறது

இதைக் கோளாறு என்று சொன்னால் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கோளாறு.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் வீட்டு வாசல் கோலத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது புள்ளிகள் ஒன்றுக்கொன்று எட்டாமல், கோடு புள்ளியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கொண்டுவந்த கட்டத்தில் ஒவ்வொரு தையலும் ஒரே நீளம், பின்பக்கம் முடிச்சே தெரியவில்லை. பழைய தையல் இருந்த ஓட்டைகள் மட்டும் காடாவில் லேசாகத் தெரிந்தன. எல்லோரும் "எவ்வளவு அழகு" என்றார்கள். அவள் மட்டும் அதைத் தொடவில்லை.

அம்மா மாலையில் வந்தார். பனியன் கம்பெனியில் டெய்லர். "தப்புத் தப்பா இருந்துச்சுங்க டீச்சர். ஊரே வந்து பாக்கும், எம் புள்ளையத்தானே சொல்லுவாங்க?" என்றார். அவர் சொன்னதில் இருந்த அக்கறையை எப்படிக் குறை சொல்ல முடியும்? நாள் முழுக்கப் பீஸ் ரேட்டுக்குத் தைத்து, தையல் கோணினால் பீஸ் திரும்பி வரும் என்று பழகிய கை அது.

இந்தக் கோளாறை இப்படிச் சரிசெய்தோம். அந்தக் கட்டத்தை அம்மாவின் கட்டம் என்று அவர் பெயருக்கே எழுதிக்கொண்டோம். பெண்ணுக்குப் புதுத் துணி கொடுத்தோம். கோலத்தை அவள் முதலிலிருந்து தைத்தாள், பள்ளியிலேயே, துணி வீட்டுக்குப் போகாமல். இரண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த அம்மாதான் பிறகு 64 கட்டத்தையும் மிஷினில் இணைத்தவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் தையல் மேலும் மிஷின் ஏறாமல் ஓட்டிக் கொடுத்தார்.

தடுக்க வேண்டுமானால் முதல் கூட்டத்திலேயே பெரியவர்களுக்கான வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டம் இதற்கு நல்ல இடம். நூல் கோப்பது, வெட்டுவது, இணைப்பது, பின்துணி தைப்பது எல்லாம் அவர்களுக்கு. தைக்க ஆசைப்படும் பெரியவருக்குத் தனிக் கட்டம். பிள்ளையின் கட்டத்தில் பிள்ளையின் கை மட்டும்.

வேலை பாதியில் இருக்கும்போது புதுப் பிள்ளை சேர்ந்திருக்கிறது

இங்கே வருடம் முழுக்க நடக்கும். வேலைக்கு வந்த குடும்பங்கள் வருவதும் போவதுமாக இருக்கும். ஆரம்பத்திலேயே எட்டுக் கட்டம் கூடுதலாக வெட்டி வைத்துவிடுங்கள். ஊரை விட்டுப் போன பிள்ளையின் கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் புதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். போன பிள்ளையும் இந்தப் பள்ளிதான்.

டிசம்பரில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் சேர்ந்தான். தமிழ் இன்னும் வரவில்லை. அவனைப் பள்ளியில் விட்டுப்போக வந்த அம்மா, மேசையில் கிடந்த கட்டங்களைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். துணி மேல் துணி வெட்டி வைத்துத் தைக்கும் வேலை அவர்கள் ஊரிலும் உண்டு. பூரி ஜெகந்நாதர் தேருக்கு அப்படித்தான் விதானம் தைப்பார்கள், பிபிலி என்ற ஊர் அதற்குப் பெயர் போனது. நம் பக்கம் கோயில் தேரில் தொங்கும் தொம்பையும் அதே வேலைதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியில் தொம்பையின் படத்தைக் காட்ட, அவர் தன் கைப்பேசியில் தேரைக் காட்டினார். பையனின் கட்டத்தில் ஒரு சிவப்பு யானை இருக்கிறது.

நாள் நெருங்கிவிட்டது, பாதிகூட முடியவில்லை

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் (2015-இல் சென்னையில்தான் அது தொடங்கியது), அன்று திறந்துவிடலாம் என்று ஜூனில் நினைத்தோம். நடக்கவில்லை. வாரம் ஒரு பாடவேளை என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கட்டத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் தேர்வு, விடுமுறை, அம்மை, மழை. இணைப்பதற்கு மட்டும் இன்னும் ஒரு மாதம். நாளைத் தள்ளி வையுங்கள். அவசரத்தில் பெரியவர்கள் ஊசியைக் கையில் எடுத்துவிடுவார்கள், பிறகு மேலே சொன்ன கோளாறு 64 கட்டத்திலும் வந்துவிடும். ஆகஸ்ட் 7 அன்று முடிந்த 23 கட்டங்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். முழுப் படத்தைத் திறந்தது பிப்ரவரியில், ஆண்டு விழாவில்.

ஓர் ஊசி குறைகிறது

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் தரையில், வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பாடவேளை தொடங்கும்போது ஊசிகளை ஒரு சிவப்புத் துணியில் வரிசையாகக் குத்தி எண்ணி, கரும்பலகையில் எண்ணை எழுதுங்கள். முடியும்போது அதே எண் வந்த பிறகுதான் மணி. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் கிடைத்துவிடும். கிடைக்கும் வரை யாரும் எழுந்து ஓடக் கூடாது. இதில் தளர்வே கிடையாது.

மாட்டிய பிறகு நடுவில் தொய்கிறது, கீழே அலை அடிக்கிறது

ஆணியில் மூலைகளை மாட்டினால் கட்டாயம் தொய்யும். பின்பக்கம் மேல் விளிம்பில் 4 அங்குல அகலத்தில் குழாய் போல ஒரு பட்டை தைத்து, அதற்குள் கம்பியோ அலுமினியக் குழாயோ கொடுக்க வேண்டும். நாங்கள் முதலில் பிவிசி பைப் போட்டோம், இரண்டே வாரத்தில் அதுவே நடுவில் வளைந்துவிட்டது. பட்டையை நடுவில் இரண்டு அங்குலம் வெட்டி, பைப்பின் நடுப்பகுதிக்கும் ஒரு கொக்கி கொடுத்த பிறகு நேரானது.

கீழே அலை வருவது முன்துணியும் பின்துணியும் தனித்தனியாக அசைவதால். நான்கு கட்டங்கள் சேரும் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு துணியையும் சேர்த்து ஊசி விட்டுப் பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். 49 முடிச்சு வரும். நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டார்கள்.

நிறம் மங்குகிறது, பூஞ்சை வாடை வருகிறது

வெயில் நேரடியாக விழும் சுவரிலிருந்து மாற்றிவிடுங்கள். சுவருக்கும் துணிக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று போக இடம் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரானால் அந்த இரண்டு மாதம் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றிப் பாய் போல உருட்டி, பீரோவுக்குள் வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் நூல் விட்டுப்போகும். மாதம் ஒரு தடவை நிழலில் விரித்துக் காற்றாட விட்டால் வாடை போய்விடும். தூசிக்கு, பின்பக்கம் மெல்லத் தட்டினால் போதும்.

"என் கட்டம் எங்கே டீச்சர்?"

மேல் வரிசையில் வைத்துவிட்ட சின்னப் பிள்ளைகள் தங்கள் கட்டத்தைப் பார்க்க முடியாமல் கேட்பார்கள். முடிந்தால் ஒன்றாம் வகுப்பின் கட்டங்களைக் கீழ் வரிசைகளில், அவர்கள் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். நாங்கள் படத்தையே இறக்கி மாட்டினோம், கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடி. பெயரைப் பேனாவில் எழுதினால் மை பரவும். பென்சிலில் எழுதி, அதன் மேலேயே நூலில் தைத்து, கட்டத்தின் பின்பக்கம் வைத்தோம். பின்துணி மூடிவிடுவதால் 64 பெயரையும் வரிசைப்படி ஒரு நோட்டில் எழுதி, கடைசிப் பக்கத்தில் படத்தின் வரைபடத்தையும் போட்டு, வருகைப் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம். போன மாதம், இப்போது ஆறாம் வகுப்பு படிக்கும் ஒருவன் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தான். நோட்டைக் கொடுத்தேன். மூன்றாவது வரிசை, ஐந்தாவது கட்டம், மினி பஸ். விரலை வைத்துக் காட்டினான்.